ஊட்டிக்கு இ-பாஸ், பழையசீவரத்துக்கு ரயில்

மலை என்றால் குளிர வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும், ஓர் அருவியாவது விழ வேண்டும் என்று தமிழ்நாட்டில் எழுதப்படாத தீர்மானம் ஒன்று உண்டு. அந்தத் தீர்மானம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2024இல் தெரிந்தது. வண்டிகளின் நெரிசல் தாங்காமல் போன ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வரிசையில் காஞ்சிபுரத்துக்காரரும் நிற்கிறார். தறியை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு வேன் பிடித்து, இரவெல்லாம் பயணம் செய்து, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்கிறார். அவருடைய ஊரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு நாள் நடைக்கு ஏற்ற மலை இருக்கிறது. அதை அவர் மலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சேர்க்காததற்குக் காரணம் அதன் தோற்றம். வாலாஜாபாத், உத்திரமேரூர், மதுராந்தகம், செங்கல்பட்டு வட்டாரங்களில் பாலாற்றின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் குன்றுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாயல். உயரம் அதிகமில்லை. மேலே மொட்டைப் பாறை, பாறை இடுக்கில் சதுரக்கள்ளி, சரிவு முழுக்க ஆளுயரப் புதர். களா, காரை, சூரை, விராலி, ஆவாரை, நொச்சி என்று முள்ளும் இலையும் பின்னிக்கொண்டு நிற்கும். நடுவே அங்கங்கே உசில், வெட்பாலை, உலக்கைப்பாலை. சித்திரையில் பார்த்தால் எல்லாம் செத்துவிட்டது என்றே தோன்றும். ஐப்பசியில் நாலு மழை விழட்டும், அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

சோழமண்டலக் கரையை ஒட்டிய இந்தப் புதர்க்காடுகளில் ஒரு பகுதியை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் என்கிறார்கள் தாவரவியலார். இலை உதிர்க்காமல் வறட்சியைத் தாங்கி நிற்கும் இவ்வகைக் காடு இந்தியாவில் இந்தக் கிழக்குக் கடலோரச் சமவெளியில்தான் இருக்கிறது. அப்பால் இலங்கையின் வறண்ட பகுதியில் இருக்கிறது. பல இடங்களில் ஐயனாருக்கும் அம்மனுக்கும் விட்ட கோயில் காடுகளில்தான் அது தப்பிப் பிழைத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவிலும் இப்படிப் புதர் மூடிய குன்றுகள் உண்டு. சப்பரால் என்பது அவற்றின் பெயர். மழை அங்கே குளிர்காலத்தில், காட்டுத்தீ கோடையில். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் இருக்கும் கிரிஃபித் பூங்காவின் பெரும்பகுதி இத்தகைய புதர்க்குன்றுதான். 1896இல் கிரிஃபித் என்ற செல்வந்தர் 3,000 ஏக்கருக்கு மேல் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தார். இன்று 4,000 ஏக்கரைத் தாண்டிய அந்த நிலத்தின் பாதைகளில் நகர மக்கள் நாள்தோறும் நடக்கிறார்கள். ஹாலிவுட் என்ற பெரிய வெள்ளை எழுத்துகள் நிற்பதும் அந்தப் பூங்காவின் குன்றில்தான். சினிமாவில் எழுத்துகளைப் பார்த்தவர்கள் அவற்றைச் சுற்றியுள்ள புதரைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தால் மதுராந்தகம் ஞாபகம் வரும்.

காஞ்சியில் மலைக்கு நடந்து போகும் வழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஊரின் பெரிய பெருமாளே போகிறார்.

ஆண்டுதோறும் தைப் பொங்கலை ஒட்டி வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பார்வேட்டைக்குப் புறப்படுகிறார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று நெசவாளர்களும் விவசாயிகளும் வாழும் ஊர்களின் வழியாக, மண்டகப்படிகளில் நின்று நின்று, 20 கிலோமீட்டருக்கு மேல் கடந்து பழையசீவரம் சேருகிறார். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் சுமந்து அவரை மலை மேல் உள்ள மண்டபத்துக்கு ஏற்றுகிறார்கள். ஒரு பொழுது அங்கே இருந்துவிட்டு இறங்கி, அடிவாரத்து லட்சுமி நரசிம்மர் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். பிறகு பாலாற்றைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடல். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பழையசீவரம் நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாள் எல்லோரும் வந்து கூட, ஐந்து பெருமாளையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம். பாலாறு, செய்யாறு, காஞ்சியின் வழியாக வரும் வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் என்பதால்தான் அது திருமுக்கூடல். அந்த வேகவதி காஞ்சிக்குள் என்ன நிலையில் ஓடுகிறது என்பது தனிக் கட்டுரைக்கான சோகம்.

அத்திமர மூலவரான அத்தி வரதரைக் குளத்துக்குள் வைத்த பிறகு கருவறைக்கு வந்த கல் மூலவர் பழையசீவரத்திலிருந்துதான் கொண்டுவரப்பட்டார், அந்தப் பழைய உறவுக்காகவே பெருமாள் ஆண்டுக்கொருமுறை அங்கே போகிறார் என்று கோயில் வட்டாரத்தில் ஒரு செய்தி வழங்குகிறது. வரலாற்று ஆதாரம் எப்படியோ, உறவு கொண்டாடும் நாள் கச்சிதமானது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும். ஏரிகளில் தண்ணீர் இருக்கும், புதரில் பச்சை இருக்கும், வெயில் கடிக்காது. இந்தப் பகுதிக் குன்றுகளில் நடப்பதற்கு மார்கழியும் தையும்தான் சரியான மாதங்கள் என்பதை ஒரு திருவிழா நாட்காட்டி பல தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் மட்டுமே மலையை நினைக்கும் பழக்கம் நமக்குப் பிறகு வந்தது. வெயில் தாங்காத வெள்ளைக்காரத் துரைமார் நீலகிரிக்கு ஓடியபோது தொற்றிக்கொண்டது.

2019இல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் காஞ்சிக்கு வந்துபோனதாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பழையசீவரம் என்ற பெயர் தெரியும்? வெளியூர்க்காரரை விடுங்கள். பார்வேட்டையன்று கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறும் உள்ளூர்க்காரர்கூட அடுத்த 364 நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அரக்கோணம் – செங்கல்பட்டு ரயில் பாதையில் வாலாஜாபாத்துக்கு அடுத்த நிலையம் பழையசீவரம். வேலைக்குப் போகிறவர்கள்தான் இந்த ரயிலை நம்பியிருக்கிறார்கள். மலை பார்க்கவென்று இறங்குகிறவர் அபூர்வம்.

திருமுக்கூடல் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு இந்தக் குன்றுகளைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் புதர்க்காட்டின் அருமையை அதைவிட நன்றாகச் சொல்லும் ஆவணம் கிடைப்பது கடினம். வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1068-69 வாக்கில் பொறித்தது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதபாடசாலையும், மாணவர் தங்கும் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும் நடந்ததாக அதிலிருந்து தெரிகிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், பணிவிடைக்கு இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் சுமக்க ஓர் ஆள் என்று ஒவ்வொருவருக்கும் படி இன்னது என்று கணக்கு இருக்கிறது. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் முதற்கொண்டு ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னும் இருவர் உண்டு. மூலிகை பறித்து வருவது, விறகு கொண்டு வருவது, மருந்து காய்ச்சுவது அவர்கள் வேலை. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறக்குறைய 20 மருந்துகளின் பெயர்களும் கல்வெட்டில் இருக்கின்றன. வாசாஹரீதகி என்றால் ஆடாதோடையும் கடுக்காயும். பில்வாதி கிருதத்தில் வில்வம். பல்லாதக ஹரீதகியில் சேங்கொட்டை. எல்லாமே உள்ளூரில் பறித்தவை என்று சொல்ல முடியாது. கடுக்காய் தூரத்து மலைகளிலிருந்து வந்திருக்கக்கூடும். ஆனால் கூலி கொடுத்து இரண்டு ஆளை அமர்த்தினார்கள் என்றால், அவர்கள் நடந்து போய்ப் பறித்துத் திரும்பும் தொலைவில் பறிக்க வேண்டியது இருந்தது என்றுதான் அர்த்தம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போய் வருவது சம்பளம் வாங்கும் உத்தியோகம்.

இன்று அந்த இருவரின் இடத்தில் ஒரு காஞ்சி நெசவாளரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு அதிசயமாக இருக்கும் செடி வெட்பாலைதான். பாதையோரம் நிற்கும் சின்ன மரம். காய் இரட்டை இரட்டையாக, நீண்டு மெலிந்து, நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். இலையைக் கிள்ளினால் பால் வரும். அந்த இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கரும் ஊதாவாக மாறிவிடும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவத்தில் பேர்போன வெட்பாலைத் தைலம் அதுதான். பச்சை இலையும் வெள்ளைப் பாலும் சேர்ந்து ஊதா நிறம் எங்கிருந்து வந்தது? அவுரியைப் போலவே இதன் இலைக்குள்ளும் நீலம் ஒளிந்திருக்கிறது. தென்னிந்தியாவில் முன்பு வெட்பாலை இலையிலிருந்து நீலச்சாயம் காய்ச்சி எடுத்ததுண்டு. தாவரவியல் பெயரில் உள்ள டிங்டோரியா என்ற சொல் அந்தச் சாயத்தைக் குறிப்பதுதான். மயில்கழுத்து நிறத்துக்காக ரசாயனச் சாயத்தில் கை ஊற வேலை செய்யும் ஊருக்கு, பக்கத்துக் குன்றில் நீலம் காய்த்துத் தொங்குவது தெரியாது.

அதே பாதையில் விராலி. இலையைத் தொட்டால் மெழுகு பூசினாற்போல் பிசுபிசுக்கும். வெயில் காலத்தில் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள அது செய்துகொண்ட ஏற்பாடு. களாவின் வெள்ளைப் பூவில் மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க மணம். காயைக் கடித்தால் பால் உதட்டில் ஒட்டும். ஊறுகாய்க்கு அதை விட்டால் வேறில்லை என்பார்கள். சூரையிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். அதன் முள் பின்னோக்கி வளைந்த கொக்கி. வேட்டியைப் பிடித்துவிட்டால் முன்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் துணி கிழியும், சதையும் கிழியும். ஓரடி பின்வாங்கி, கிளையைக் கையில் பிடித்துக் கழற்ற வேண்டும். பட்டு கட்டிக்கொண்டு பார்வேட்டைக்குப் போகிறவர்கள் படியை விட்டு விலகாமல் இருப்பது நல்லது.

வனத்துறையும் புதர்க்குன்றை முற்றிலும் மறந்துவிட்டது என்று குற்றம் சாட்ட முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு, வழிகாட்டி, கட்டணம் என்று ஒழுங்கு செய்தார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பழங்குடி இளைஞர்கள். பாதைகளில் மிகப் பல நீலகிரி, கோவை, தென்மாவட்ட மலைகளில். ஆனால் பட்டியலில் ஒரு புதர்க்காடும் இருக்கிறது: திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்கு அருகில் உள்ள குடியம் குகை.

குடியம் ஒன்றும் காஞ்சிக்கு அந்நியமில்லை. 1997இல் பிரியும்வரை அது காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. குகை என்றால் இருண்ட பொந்து என்று நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்து, பிறகு வாய் பிளப்பார். வானத்துக்கு எழும்பி முன்னால் கவிந்து நிற்கும் பெரும் பாறைச் சுவர் அது. கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள், முந்திரிக் கொத்து போலப் பதிந்திருக்கும். எந்தக் காலத்து ஆறோ உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் கற்கள். அந்த வட்டாரத்துக் கல்லைத்தான் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதன் கைக்கோடரியாகச் செதுக்கினான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வு, அந்தக் கருவிகளில் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் காட்டியது. ஊட்டியில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஊட்டி வர்க்கி இருக்கிறது.

குடியம் பட்டியலில் ஏறியதற்குக் காரணம் அந்தக் குகை. புதர் மட்டும் இருந்திருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அந்த 14இல் இடமில்லை. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரையும் வேடந்தாங்கலும் பல குன்றுகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. மிஞ்சிய மாவட்டத்தில் கோயில், பட்டு, தொழிற்சாலை தவிர ஒன்றுமில்லை என்ற நினைப்பு அதிகாரிகளுக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

இந்த நினைப்பு காகிதத்திலிருந்து வருகிறது. மத்திய அரசின் நில வளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் அடர்புதர் நிலம், இளம்புதர் நிலம் இரண்டுமே தரிசு வகையில் வருகின்றன. வருவாய்த் துறைக் கணக்கிலோ பாறையும் புதரும் உள்ள இடம் பெரும்பாலும் கல்லாங்குத்து, இல்லையென்றால் தீர்வை ஏற்படாத தரிசு. தரிசு என்று எழுதியாகிவிட்டால் அந்த இடத்தை என்ன செய்தாலும் லாபக் கணக்குதான். தைலமரம் நடலாம், தொழிற்பேட்டைக்குக் கொடுக்கலாம், கல் உடைக்கலாம். நல்லெண்ணத்தாலும் சேதம் வரும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நல்ல இலக்குதான். அந்த ஆர்வத்தில் களாவையும் காரையையும் பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, குழி தோண்டிக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் கணக்கில் மரம் கூடும், தரையில் காடு குறையும்.

எல்லாவற்றிலும் கொடியது கல்குவாரி. உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டங்களில் குன்றுகளைக் குடைந்த பள்ளங்களையும், கிரஷர் புழுதியில் வெளுத்துப்போன பயிரையும், ஜல்லி ஏற்றிய லாரிகள் கிழித்துப்போட்ட சாலைகளையும் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். 2021 பிப்ரவரியில் சாலவாக்கத்துக்கு அருகே மதூர் கல்குவாரியில் சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். திருமுக்கூடலுக்கு எழுந்தருளும் ஐந்து பெருமாள்களில் ஒருவர் இந்தச் சாலவாக்கத்துப் பெருமாள்தான். சென்னைக்கு வீடும் மேம்பாலமும் வேண்டும், அதற்கு ஜல்லி வேண்டும் என்பது உண்மை. எந்தக் குன்றை எடுப்பது, எதை விடுவது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்பதுதான் கேள்வி.

யோசித்ததற்கு ஓர் அடையாளம் 2021 நவம்பரில் தெரிந்தது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று அரசு விதியைத் திருத்தியது. ஓராண்டு சொச்சம்தான் அது நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி திருத்தி, காப்புக்காட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வட தமிழகச் சமவெளியில் புலியும் இல்லை, யானையும் இல்லை. இங்கே இருப்பது துண்டு துண்டான காப்புக்காடுகள்தான். அந்த ஒரு சொல் நீங்கியதில் நேரடியாக அடிபட்டவை இந்தப் பகுதிக் குன்றுகள்.

ஆள் நடமாட்டம் உள்ள குன்றை வெட்டுவது கடினம். நாளைக்குப் பத்துப் பேர் நடந்துபோகிற பாதையில் வெடிவைக்க வந்தால் பத்துப் பேர் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரே நாள் போகிற மலையில் மீதி நாள் என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை. மலையேற்றத்தைப் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து வேடந்தாங்கல் தப்பியதும் ஊர்க்காரர்கள் கேட்டதால்தான். பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்துக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் எழுதியே வாங்கிக்கொண்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரியவாதிகள்தான், ஆனால் காரியவாதமே சரணாலயத்தைக் கொடுத்தது.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. பாதை திறந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் குப்பை வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பர்வதமலையில் சேரும் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் இந்த அச்சத்தைச் சும்மா தள்ளிவிட மாட்டார்கள். வழி தெரியாததும் இல்லை. வெள்ளியங்கிரியில் தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குகிறார்கள். காலி பாட்டிலைத் திரும்பிக் காட்டினால்தான் பணம். ஒரு நாளைக்கு இத்தனை பேர், இத்தனை மணிக்குள், வழிகாட்டியோடுதான் என்று வைத்தால் போதும். கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: ‘வளர்ச்சிப் பணி’ என்ற பெயரில் மலை உச்சிக்கு சிமென்ட் சாலையும், அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடமும், வரவேற்பு வளைவும், செல்ஃபி பாயிண்ட்டும் வேண்டாம். ஒற்றையடிப் பாதையே போதும். அம்புக்குறி போட்ட நாலு கல் போதும்.

வழிகாட்ட ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை. காஞ்சி, செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்களுக்கு இந்தப் புதர் வீட்டுத் தோட்டம். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மாற்று மருந்து பெருமளவு உருவாகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இந்தக் காடுகளில் வாழ்பவை. கல்லின் அடியில் சுருண்டு கிடக்கும் சுருட்டையை அது சீறுவதற்கு முன்பே பார்த்துவிடும் கண் அவர்களுடையது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த அறிவுக்காகத்தான். அவர்கள் சமூகத்தில் பலர் இன்னும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலிக்கு நிற்கிறார்கள். மாதம் சில நாளாவது தெரிந்த வேலைக்குத் தெரிந்த இடத்தில் கௌரவமான சம்பளம் கிடைத்தால், திருமுக்கூடல் கல்வெட்டுக் காலத்து உத்தியோகம் திரும்பி வந்ததாகக் கொள்ளலாம்.

போகிறவர்களுக்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். இந்தக் குன்றுகளில் சுனை இருந்தாலும் நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையோடு போக வேண்டும். செருப்பு உதவாது, கணுக்காலை மூடும் ஷூ அவசியம். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மாசி பிறந்துவிட்டால் புல் காய்ந்துவிடும், ஒரு பீடித் துண்டு போதும், குன்றே எரியும். அரசே பிப்ரவரி நடுவில் தொடங்கி இரண்டு மாதம் மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கிறது என்றால் வேடிக்கைக்கு இல்லை. பாறைக் கவிவுகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் கற்பூரமும் கொளுத்தக் கூடாது, கத்தவும் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை, பெரிய செலவும் இல்லை. வனத்துறை, வருவாய்த் துறை, இந்து சமய அறநிலையத் துறை மூன்றும் கூடிப் பேசினால் பழையசீவரம் மலையையும் திருமுக்கூடல் கல்வெட்டையும் இணைத்து ஒரு நாள் நடைப்பாதையை வருகிற தை மாதத்துக்குள் அறிவித்துவிடலாம். அதைவிட அவசரம் மற்றொன்று: காஞ்சிபுரம் மாவட்டத்தில் தரிசு என்றும் கல்லாங்குத்து என்றும் எழுதிவைத்திருக்கும் புதர்க்குன்றுகளை ஒருமுறை தாவரவியலாரையும் இருளர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு முடியும்வரை புதிய குவாரிக் குத்தகை எதற்கும் மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போடக் கூடாது. 2022 டிசம்பரில் விதியிலிருந்து எடுத்த ‘காப்புக்காடு’ என்ற சொல்லை அரசு திரும்பவும் சேர்க்க வேண்டும்.